மிஸ் யூலாலியும் பிரெஞ்சுக்காரியும்

பேர் தொலைந்துபோன ரோஜாவுக்கு எங்கள் தீவில் ஒரு வழக்கம் உண்டு. எந்த வீட்டு வாசலில் அது கண்ணில் பட்டதோ, அந்த வீட்டுக்காரர் பேரையே அதற்கு வைத்துவிடுவார்கள். பெர்முடாவுக்குக் கப்பலேறி வந்த ரோஜாக்கள் கொஞ்சநஞ்சமல்ல. மாலுமி கொண்டுவந்தான், பாதிரி கொண்டுவந்தார், பட்டாளத்துக்காரன் பெண்டாட்டி பாவாடை மடிப்பில் வைத்துக் கொண்டுவந்தாள். உப்புக் காற்றிலும் புயலிலும் செடி பிழைத்துக்கொண்டது, பேர்தான் பிழைக்கவில்லை. 'பாதிரி வீட்டு மஞ்சள்', 'கல்லறை மூலை', 'மிஸ்டர் பாஸ்கம்' என்று இன்றைக்கு நாங்கள் சொல்வதெல்லாம் அப்படி வந்த இரவல் பேர்கள்.

இரவல் என்றால் திருப்பிக் கொடுக்க வேண்டும் அல்லவா? வெளிநாட்டுத் தோட்டம் எதிலாவது அதே செடி பழைய பேரோடு இருப்பது தெரிந்துவிட்டால், அந்த நிமிஷமே இரவல் பேர் இறங்கிக்கொள்ள வேண்டும். ரோஜாச் சங்கத்தின் சட்டம் அது. மிஸ்டர் பாஸ்கம் பேரில் இருந்த சிவப்பு ரோஜா உண்மையில் ஓர் இங்கிலாந்துப் பிரபுவின் பேருடையது என்று தெரிந்தபோது, மனுஷன் செடியை வேரோடு பிடுங்கிக் கடலில் எறிந்தார். இனிமேல் ரோஜா இருக்கும் தெருவில் கால் வைப்பதில்லை என்று சபதமும் செய்தார். எங்கள் ஊரில் ரோஜா இல்லாத தெரு ஏது? கடைசிவரை வீட்டுக்குள்ளேயே கிடந்தார், பாவம்.

அதே கதி தன் மாமியாருக்கும் வரப்போகிறது, அதுவும் தன் கையால் வரப்போகிறது என்று வெர்னீஸ் டிராட் கனவில்கூட நினைக்கவில்லை.

வெர்னீஸ் பஸ் ஓட்டுகிறவள். தலைநகர் ஹாமில்டனுக்கும் தெற்குக் கரைக்கும் நடுவே போய்வரும் ரோஸ் நிறப் பஸ். எங்கள் ஊரில் பஸ் ஏறுகிறவர் யாரானாலும் குட் மார்னிங் சொல்லித்தான் ஏற வேண்டும். சொல்லாதவனை மனுஷனாகவே மதிக்கமாட்டோம். வெர்னீஸின் பஸ்ஸில் அந்தக் குட் மார்னிங்குக்குப் பின்னாலேயே ஒரு கேள்வி வந்து விழும். ஏன், எப்படி, யார் என்று கேட்காமல் அவளால் இருக்க முடியாது. அது பிறவிக் குணம். ரோஜாச் சங்கத்தில் சேர்ந்த பிறகு கேள்வியெல்லாம் ரோஜாவாகிவிட்டது.

"குட் மார்னிங், மிஸ் ஹில்டா. இங்கிலாந்துல வேலியோரம் தானா பூக்குமே, ஓரடுக்கு ரோஜா, அதை நாய் ரோஜான்னு ஏன் சொல்றாங்க தெரியுமா?"

"நாய் காலைத் தூக்கியிருக்கும்."

"இல்ல. வெறிநாய்க் கடிக்கு அந்த வேரைத்தான் மருந்தாக் குடுத்தாங்களாம்."

"பொழைச்சாங்களா?"

முன்சீட்டில் கைப்பையை மடியில் நிறுத்தி உட்கார்ந்திருந்த மிஸ் யூலாலி குறுக்கே புகுந்தாள். "மனுஷன் பொழைச்சிருந்தா மனுஷ ரோஜான்னு பேர் வச்சிருக்க மாட்டாங்களா? நாய்தான் பொழைச்சிருக்கு."

பஸ் முழுக்கச் சிரித்தது. மிஸ் யூலாலிதான் வெர்னீஸின் மாமியார். ஊரே அவளை மிஸ் யூலாலி என்று கூப்பிடும், மருமகளும் அப்படியேதான். எண்பதைத் தொடப்போகிறவள். தொப்பி இல்லாமல் வாசல் தாண்டமாட்டாள்.

"இன்னொண்ணு கேளுங்க," என்றாள் வெர்னீஸ், வண்டியை வளைவில் திருப்பிக்கொண்டே. "வெளிறின ரோஸ் நிறத்துல பழைய ரோஜா ஒண்ணு இருக்கே, 'கன்னிப்பொண்ணு வெக்கம்'னு. அதே பூவுக்குப் பிரெஞ்சுக்காரன் வச்ச பேர் 'தேவதையோட தொடை'. இங்கிலீஷ்காரனுக்குக் கூச்சமாயிருந்துதாம், மாத்திட்டான்."

"வெர்னீஸ்! இது ஜெபக்கூட்டத்துக்குப் போற பஸ்ஸுடி."

அதட்டிய மிஸ் யூலாலியே ஜெபத்தின் நடுவில் கைக்குட்டையை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டு குலுங்கினாள் என்று பிறகு மிஸ் ஹில்டா சொன்னாள்.

பேஜெட்டில் அரசாங்கத் தோட்டத்தைத் தாண்டும்போது மட்டும் மாமியாரிடமிருந்து ஓர் உத்தரவு வரும்: "மெதுவாப் போ." பஸ் மெதுவாகப் போகும். வேலிக்கு அப்பால் ரோஜாப் பாத்தியில் 'மிஸ் யூலாலி டிராட்' என்று ஒரு பலகை தெரியும். பல வருஷத்துக்கு முன் சங்கத்து அம்மாக்கள் நாலு பேர் வார்விக்கில் அவள் வீட்டு வாசலில் அந்த ரோஜாவைப் பார்த்து நடுவதற்குக் குச்சி கேட்டார்கள், கொடுத்தாள், பேர் வந்துவிட்டது. ஹோட்டலில் ஆயுசு முழுக்க அடுத்தவர் படுக்கை விரிப்பை வெளுத்தவளுக்கு அரசாங்கத் தோட்டத்தில் பலகை. பெருமைப்பட்டால் என்ன தப்பு? நானாயிருந்தால் பஸ்ஸை நிறுத்தியே பார்த்திருப்பேன்.

அந்த ரோஜாவுக்கு ஓர் அடையாளம் உண்டு. காலையில் வெளிறிய ரோஸாக விரிந்து, வெயில் ஏற ஏறச் சிவக்கும். அப்படிச் சிவக்கிற ரோஜா எங்கள் ஊரில் வேறும் இருக்கிறது. ஆனால் இதன் ஒவ்வொரு பூவிலும் ஒரே ஓர் இதழில், நகத்தால் கீறினது மாதிரி ஒரு வெள்ளைக் கோடு ஓடும். அதற்கு மிஸ் யூலாலியிடம் காரணம் தயாராக இருந்தது. கூரையில் விழுகிற மழைத்தண்ணீரை விட்டால் எங்களுக்கு வேறு தண்ணீர் கிடையாது. துணி அலசிய தண்ணீரைக்கூடக் கீழே கொட்டமாட்டோம். வீட்டில் வெள்ளைத் துணிக்குச் சொட்டு நீலம் போட்டு அலசிய தண்ணீரையெல்லாம் அவள் அந்தச் செடிக்குத்தான் ஊற்றினாளாம்.

"அது என் நீலம் போட்ட கோடு," என்பாள். "உலகத்துல வேற எந்த ரோஜாவுக்கும் அது கிடையாது. ஆண்டவன் என் வேலையைப் பார்த்துட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கார்."

சங்கத்து அம்மாக்கள் புன்னகை செய்வார்கள். ஆனால் அந்தக் கோட்டை வேறெங்கும் பார்த்ததாகச் சொல்ல அவர்களில் ஒருவராலும் முடியவில்லை.

அந்த வருஷம்தான் தபால் இலாகா, பேர் தொலைந்த ரோஜாக்களில் நாலைத் தபால்தலையாகப் போடப்போவதாகச் சொன்னது. நாலில் ஒன்று மிஸ் யூலாலி டிராட். மூலையில் இங்கிலாந்து ராணியின் தலை, நடுவில் பூ, அடியில் பேர்.

"தலை அவங்களோடது, பேர் என்னோடது," என்று கோயில் வாசலில் நின்று போவோர் வருவோருக்கெல்லாம் சொன்னாள். "அதை நாக்கால நக்கி ஒட்டப்போறவங்க யார் யார் தெரியுமா? அந்த ஹோட்டல்ல வந்து தங்குற வெள்ளைக்காரங்க." புதுத் தொப்பி ஒன்றுக்கும் சொல்லி வைத்தாள். ஏப்ரலில் சங்கம் கூடி நாலு ரோஜாவின் பேரையும் உறுதி செய்ததும் அச்சுக்குப் போய்விடும்.

இதற்கு நடுவில்தான் வெர்னீஸ் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு செடி மொட்டுவிட்டது.

முந்தின வருஷம் சங்கத்தார் பிரான்ஸ் தேசத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து பேர் தெரிந்த பழைய ரோஜாக்களை வரவழைத்திருந்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க உதவும் என்று ஆளுக்கொன்றாகக் கொடுத்து வளர்க்கச் சொன்னார்கள். வெர்னீஸுக்கு வந்ததில் தகரச் சீட்டு ஒன்று தொங்கியது: 'மதாம் ஓதீல் பெரோ'. குச்சி குச்சியாக, உயிர் இருக்கிறதா என்றே தெரியாமல் இருந்தது. எங்கள் ஊர் ரோஜாவுக்குக் குளிர்காலம்தான் வசந்தம். கிறிஸ்துமஸுக்குச் செய்த மரவள்ளிக் கிழங்குப் பணியாரம் தீரும் முன்பே அது துளிர்த்துவிட்டது. துளிர் செம்பு நிறம். வெர்னீஸ் குனிந்து பார்த்தாள். இந்தச் செம்பை எங்கோ பார்த்த மாதிரி இருக்கிறதே?

இலையைத் திருப்பிப் பார்த்தாள். நடு நரம்பில் பூனை நகம் மாதிரி சின்னச் சின்னக் கொக்கி. மாமியார் வீட்டு வாசலுக்குப் போனாள், அடுத்த வீடுதான், அந்த இலையையும் திருப்பிப் பார்த்தாள். கொக்கி இருந்தது. இருக்கட்டும், பாதி ரோஜாவுக்கு அது உண்டு. முள்ளைப் பார்த்தாள். மொட்டுக் காம்பைக் கசக்கி மோந்தாள்: புதுத் தேயிலைப் பெட்டியைத் திறந்த வாசனை, இங்கேயும் அங்கேயும். தென்காற்று உப்பை வாரி அடித்த வாரத்தில் இரண்டு செடியும் ஒரே மாதிரி அடியிலையை மட்டும் உதிர்த்தன.

"என் செடியை எதுக்குடி மோந்து மோந்து பார்க்கிறே? நாய் ரோஜான்னு நினைச்சியா?" என்று ஜன்னலிலிருந்து மிஸ் யூலாலி கேட்டாள்.

"சும்மாதான், மிஸ் யூலாலி."

அவளுக்குத் தெரிந்துகொண்டே ஆகவேண்டும். தெரிந்துவிடக் கூடாதே என்றும் இருந்தது. பூ விரியும் முன் எத்தனை காலை பஸ்ஸுக்குக் கிளம்பும் அவசரத்திலும் தொட்டிக்குப் பின்னால் ஓடிப் பார்த்தாளோ! ஒருநாள் விரிந்தது. வெளிறிய ரோஸ். இதழ்களை ஒவ்வொன்றாக விரலால் விலக்கினாள். ஓர் இதழில், நகத்தால் கீறினது மாதிரி, வெள்ளைக் கோடு.

அன்றைக்கு அவள் பஸ்ஸில் ஏறியவர்களிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. உடம்புக்கு முடியலையா என்று மிஸ் ஹில்டாவே கேட்டுவிட்டாள்.

இழுவைக் கப்பலில் வேலை செய்யும் கணவன் கார்ல்டனிடம் மட்டும் சொன்னாள். அவன் விஷயத்தை ஒரே வீச்சில் முடித்தான்.

"பிடுங்கிப் போட்டுடு. செத்துப்போச்சுன்னு சொல்லிடு. செடி சாகறது புதுசா?"

"நல்லாத் தழைச்சிருக்கிற செடியை எப்படி..."

"அப்போ அம்மாகிட்ட சொல்லு. சொல்றப்ப நான் கடல்ல இருக்கேன், அது போதும்."

அவள் பிடுங்கவில்லை. தகரச் சீட்டை மட்டும் கழற்றிச் செடியடியிலேயே மண்ணில் புதைத்தாள். தெரியாததைத் தெரிந்துகொள்ள வழி உண்டு. தெரிந்ததைத் தெரியாமல் ஆக்க என்ன வழி? அந்தப் பலகையையும் தபால்தலையையும் புதுத் தொப்பியையும் நினைத்துப் பார்த்தாள். தன் கேள்வி கேட்கும் புத்தியை முதல்முறையாக வெறுத்தாள்.

மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை, தொட்டி மூடி சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற சாக்கில் மிஸ் யூலாலி கைத்தடியை ஊன்றிக்கொண்டு பின்பக்கம் வந்துவிட்டாள். வெர்னீஸ் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். குரல் கொடுத்து நிறுத்துவதற்குள் கிழவி செடிக்கு முன்னால் நின்றாள்.

"அட திருட்டுக் கழுதை!" என்றாள். முகமெல்லாம் சந்தோஷம். "என் செடியில குச்சி ஒடிச்சு வச்சிருக்கே! என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா? அதான் மோந்து மோந்து பார்த்தியா? போகட்டும், திருடின குச்சிதான் வேர் பிடிக்கும். எவ்வளவு பூத்திருக்கு பாரேன்." குனிந்து ஒரு பூவைக் கையில் ஏந்தினாள். "கோடுகூட அப்படியே... ஏம்மா, இங்கே யார் நீலம் ஊத்தினது?"

ஆமாம், உங்கள் குச்சிதான் என்று தலையை ஆட்டினால் போதும். வாயைத் திறக்கக்கூட வேண்டாம். வெர்னீஸின் கழுத்து ஆடத்தான் பார்த்தது. ஆனால் கிழவி உண்மையிலேயே கேட்டுவிட்டாள். நெற்றியைச் சுருக்கி, பதில் வேண்டி நிமிர்ந்து பார்த்தாள். ஊரையெல்லாம் கேள்வி கேட்டே திரிந்தவளுக்கு, தன்னைத் தேடி வந்த கேள்விக்குப் பொய் சொல்ல நாக்கு எழவில்லை.

"யாரும் ஊத்தலை, மிஸ் யூலாலி. அது உங்க குச்சி இல்ல."

மண்டியிட்டு மண்ணைக் கிளறித் தகரச் சீட்டை எடுத்தாள். பாவாடையில் துடைத்துக் கொடுத்தாள். மிஸ் யூலாலி அதைக் கண்ணுக்கு அருகில் பிடித்துப் படித்தாள்.

"யார் இவ?"

"பிரான்ஸ்லேருந்து வந்த செடி. பூவோட பேர். நெஜப் பேர்."

"எப்போலேருந்து தெரியும் உனக்கு?"

"ஜனவரிலேருந்து."

மிஸ் யூலாலி சீட்டைக் கைப்பைக்குள் போட்டு மூடினாள். திரும்பி நடந்தாள். கைத்தடி ஓசை வாசல்வரை கேட்டது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை உப்புக் கருவாட்டு மீனும் உருளைக்கிழங்கும் வாழைப்பழமுமாகச் சாப்பிட எப்போதும்போல் மகன் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தாள். மேஜையில் எதிரே மருமகள் இருப்பதாகவே காட்டிக்கொள்ளவில்லை.

"கார்ல்டன், வெண்ணெயை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு."

"யாரை அம்மா?"

"வெண்ணெய் யார் பக்கத்துல இருக்கோ அவளை."

அடுத்த ஞாயிறும் அப்படியே போனது. அரசாங்கத் தோட்டத்தைத் தாண்டும்போது பஸ்ஸில் உத்தரவு வரவில்லை. வேறு பஸ்ஸில் போக ஆரம்பித்திருந்தாள். வெர்னீஸுக்குத் திட்டு வாங்கியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. கூட்டத்துக்கு முந்தின ஞாயிறு, மீன் முள்ளை எடுத்துத் தட்டோரம் வைத்தபடியே மிஸ் யூலாலி, யாரையும் பார்க்காமல், கேட்டாள்:

"அந்தப் பிரெஞ்சுக்காரி செடி வளர்த்தவளா?"

வெர்னீஸ் கார்ல்டனைப் பார்த்தாள். அவன் தோளைக் குலுக்கினான்.

"தெரியாது, மிஸ் யூலாலி. நான் கேட்டதுக்காகச் சங்கத்து மிசஸ் டாரெல் அந்தத் தோட்டத்துக்காரங்களைக் கேட்டுப் பார்த்தாங்க. பூவை உண்டாக்கினவன் வேற ஆள். இவ அவனுக்கு யாருன்னு தெரியலை."

"பெண்டாட்டியா?"

"இல்லையாம்."

"வப்பாட்டியா இருப்பா," என்றான் கார்ல்டன்.

"வாயை மூடு. புருஷன் இருந்தானா? மதாம்னு போட்டிருக்கே."

"இருந்திருக்கணும். பேர்கூடத் தெரியலை."

"பிள்ளைங்க?"

"தெரியாது."

"கல்லறை எங்கே இருக்கு?"

"அதுவும் தெரியாது."

"என்னதான் தெரியும் உங்களுக்கு? சங்கமாம் சங்கம்," என்று மிஸ் யூலாலி முட்கரண்டியைக் கீழே வைத்தாள். கோபமாகத்தான் சொன்னாள். ஆனால் அந்தக் கோபம் வெர்னீஸுக்குப் பழக்கமானது. பதில் கிடைக்காத கேள்வியோடு பஸ் ஓட்டும் நாட்களில் அவளுக்கே வருவது அது.

கூட்டம் மிசஸ் டாரெல் வீட்டுப் புல்வெளியில் நடந்தது. மிசஸ் டாரெல் சங்கத் தலைவி. பழைய பணக்காரக் குடும்பம், ஆனால் மண்ணில் கை வைக்கத் தயங்காதவள். வெர்னீஸ் தன் செடியிலிருந்து ஒரு கொத்து கொண்டுபோயிருந்தாள். மிஸ் யூலாலி, சங்கத்தில் உறுப்பினர்கூட இல்லாதவள், புதுத் தொப்பி போட்டுக்கொண்டு வந்து, தன் செடியிலிருந்து ஒரு கொத்தைப் பக்கத்தில் வைத்தாள். சுற்றி நின்றவர்கள் இதழ்களை விலக்கிப் பார்த்தார்கள். இரண்டு கொத்திலும் அதே வெள்ளைக் கோடு.

மிசஸ் டாரெல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். மிஸ் யூலாலியையும் தொப்பியையும் பார்த்தாள்.

"ஒரே பருவத்துப் பூவை வச்சுத் தீர்ப்புச் சொல்றது சரியில்ல," என்றாள் மெல்ல. "ரெண்டையும் பக்கத்துப் பக்கத்துல வச்சு இன்னும் ஒரு வருஷம் பார்க்கலாமே. அதுவரைக்கும் பேர் இருக்கிறபடியே இருக்கட்டும். தபால்தலை அச்சுக்குப் போகட்டும்."

எல்லாத் தலைகளும் வேகமாக ஆடின. நல்ல மனுஷர்கள், யாருக்கும் கிழவி மனதைப் புண்படுத்த ஆசையில்லை. வெர்னீஸுக்கும் மூச்சு வந்தது. ஒரு வருஷம் என்றால் தபால்தலை வெளிவந்துவிடும். அப்புறம் என்ன ஆனாலும் அச்சிட்ட பேரை யாரும் அழிக்க முடியாது.

மிஸ் யூலாலி கைத்தடியை ஊன்றி எழுந்தாள்.

"மிசஸ் டாரெல், உங்க கண்ணுக்கு இது ரெண்டும் வேற வேறயாத் தெரியுதா?"

மிசஸ் டாரெல் துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தாள்.

"எனக்கும் தெரியலை. அந்தக் கோடு என்னோடதுன்னு இத்தனை வருஷம் சொல்லிட்டுத் திரிஞ்சேன். நீலத்தண்ணியை ஊத்தி ஊத்தி அந்தச் செடியைக் கொல்லாம விட்டேனே, அதுவே பெரிசு." யாரும் சிரிக்கவில்லை, அவளே கொஞ்சம் சிரித்தாள். "ஒண்ணு கேக்கறேன். இந்த மதாம் ஓதீல் இருக்காளே, இந்தப் பூவைத் தவிர அவ பேர் வேற எங்கேயாவது இருக்கா?"

"எங்களுக்குத் தெரிஞ்சு இல்ல, மிஸ் யூலாலி."

"அவ யாருன்னு சொல்ல ஓர் ஆள்?"

"இல்ல."

"அப்போ இதை எடுத்துட்டா அவ பொறக்கவே இல்லேன்னு ஆயிடும்." கைப்பையைத் திறந்து தகரச் சீட்டை எடுத்தாள். பளபளவென்று தேய்த்து வைத்திருந்தாள். அதைத் தன் கொத்தின் மேல் வைத்தாள். "தபால்தலையில அவ பேரையே போடுங்க. பலகையையும் மாத்திடுங்க."

"உங்க பேர்?" என்று மிசஸ் டாரெல் கேட்டாள்.

"என் பேரைச் சொல்றதுக்குத்தான் ஒரு பாம்பை அடுத்த வீட்டுலயே வளர்த்து வச்சிருக்கேனே. நான் செத்தாலும் அது வாய் மூடுமா?"

வெர்னீஸுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அத்தனை பேர் முன்னால் மூக்கைச் சிந்தினாள். வெட்கமாக இல்லை.

"அழுதது போதும்டி," என்றாள் மிஸ் யூலாலி, மார்ச்சுக்குப் பிறகு முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்து. "இனிமேதான் உனக்கு வேலை இருக்கு. அந்தப் பிரெஞ்சுக்காரி யாரு, என்ன தின்னா, யாரைக் கட்டிக்கிட்டா, எதுக்கு ஒருத்தன் அவ பேரைப் பூவுக்கு வச்சான், எல்லாம் கேட்டுக் கண்டுபிடி. நான் போறதுக்குள்ள எனக்குத் தெரியணும்."